அரைக் கட்டை கூடிய குரல்

தபால்காரர் கீழ்ப்படியில் வைத்துவிட்டுப் போன மட்டைப் பெட்டியின் மேல் பனி கால் அங்குலத்துக்குப் படிந்திருந்தது. அதைக் கையுறையால் தட்டிவிட்டு, அக்குளில் இடுக்கிக்கொண்டு, வளைந்து மேலேறும் இரும்புப் படிகளில் கவனமாகக் கால் வைத்தேன். மேலே யன்னலோரக் கதிரையிலிருந்து மிசியு என்னையல்ல, பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு முகத்தைப் பரீட்சை முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளிடம்தான் பார்த்திருக்கிறேன். அவருக்கு அப்போது தொண்ணூற்றொரு வயது.

வாரத்தில் நான்கு காலைகள் நான் அவரைப் பராமரிக்கப் போவேன். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டிலிருந்து ரயில் பாதைக்குக் கீழாக நடந்தால் அவர் இருந்த வில்லரே இருபது நிமிடம். குளிக்க வார்த்து, சட்டை போட்டுவிட்டு, மருந்து கொடுத்து, மத்தியானச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு வருவது என் வேலை. அவர் ஆங்கிலக்காரர். ஆனால் இந்த ஊரில் ஐயா என்பதற்கு நான் முதலில் பழகிய பிரெஞ்சுச் சொல் அதுவாக இருந்ததால் முதல் நாளே மிசியு என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் சிரித்தார், திருத்தவில்லை. அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். எழுத உட்கார்ந்தால் எனக்கு அது என்னுடைய தமிழில்தான் கேட்கிறது.

அவரும் அவருடைய அண்ணனும் நியூ பிரன்ஸ்விக்கில் ஓர் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அண்ணன் கித்தார், தம்பி மண்டலின். இரண்டு பேரும் ஒரே ஒலிவாங்கிக்கு முன்னால் தோளோடு தோள் உரச நின்று, அண்ணன் கீழேயும் தம்பி மேலேயுமாகச் சேர்ந்து பாடுவார்களாம். பின்னாளில் கன்ட்ரி என்றும் புளூகிராஸ் என்றும் பெயர் பெற்ற இசையின் பழைய பாட்டுகள் அவை. தம்பிக்குப் பதினெட்டு வயதும் அண்ணனுக்கு இருபதுமாக இருந்தபோது ரயிலேறி மொன்றியலுக்கு வந்து, ஒரே நாளில் ஆறு பாட்டுகளைப் பதிவுசெய்தார்கள். அடுத்த வசந்தத்தில், வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிடும் வேலைக்குப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. வீட்டிலிருந்த இசைத்தட்டுகளும் சில வருடங்களில் தோட்டத்து வீட்டோடு எரிந்துபோயின. அதற்குப் பிறகு அண்ணனுடைய குரலை மிசியு கேட்டதே இல்லை. வாழ்நாள் முழுவதும். இப்போது ரொறன்ரோவில் ஒரு சிறிய கம்பனி, சேகரிப்பாளர்களிடமிருந்து இந்த வகைப் பழைய தட்டுகளைத் தேடியெடுத்து, கீறல் சத்தங்களைக் களைந்து மறுபடி வெளியிட்டு வந்தது. எப்படியோ இவரைக் கண்டுபிடித்து, வெளியிடுவதற்கு முன்னால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்று அனுப்பியதுதான் அந்தப் பெட்டி.

பெட்டிக்குள் இருந்த சீடியை நான்தான் போட்டேன். மண்டலின் ஒரு முறை சுற்றி வந்தது, பிறகு இரண்டு குரல்களும் ஒன்றாக எழுந்தன. எனக்குப் புல்லரித்தது. மிசியு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பாதிப் பாட்டில் கண்ணைத் திறந்து, "நிப்பாட்டு பிள்ளை" என்றார்.

"ஏன் மிசியு?"

"இது என்ர அண்ணன் இல்லை."

"உங்கட பாட்டுத்தானே?"

"பாட்டு எங்கடதான். ஆனா அவன்ர குரல் நெஞ்சிலயிருந்து வரும். இது ஆரோ மூக்கால பாடுறான். இது அவன் இல்லை."

அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை. சமையலறை மேசையில் ஒரு குறிப்பேடு இருக்கும். பராமரிக்கப் போகிறவர்கள் ஒவ்வொரு நாளும் நடந்ததை அதில் எழுத வேண்டும் என்பது எங்களுக்கு இடப்பட்ட விதி. "இன்று குழப்பமாக இருக்கிறார். தன் சகோதரனின் குரலை அடையாளம் தெரியவில்லை" என்று எழுதிவிட்டு வந்தேன். எழுதும்போது கை கூசவில்லை. நல்ல வேலைக்காரி எழுதவேண்டியதை எழுதினேன் என்றே நினைத்தேன்.

அவருடைய மகள் ஒட்டாவாவிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருவார். பொறுப்பானவர், எப்போதும் களைத்திருப்பவர். குறிப்பேட்டைப் படித்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்து அழுதார். நான் எழுதிய இரண்டு வரியும் தாதிக்குப் போயிற்று. தாதி வந்து பார்ப்பதற்கு நாள் குறித்தார். மகள் ஒட்டாவாவில் முதியோர் இல்லங்களின் படங்களைக் கொண்டுவந்து தகப்பனுக்குக் காட்டினார். மிசியு ஒவ்வொரு படமாகப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல இடங்கள்தான்" என்றார். பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பள்ளிக்கூட விஞ்ஞான அறையில் வைத்திருப்பார்களே, இரண்டு காலுள்ள இசைக்கவை, அப்படி ஒன்று அவரிடம் இருந்தது. அண்ணன் வாங்கியதாம். விரல்கள் மடங்கிப்போய் மண்டலினை வாசிக்க முடியாத காலத்திலும், காலையில் அந்தக் கவையை முழங்காலில் தட்டிக் காதில் பிடித்து, கம்பிகளைச் சுருதி சேர்ப்பார். பிறகு நான் சட்டைப் பொத்தான்களைப் போடும்போது அண்ணனோடு பாடிய அந்தப் பாட்டைத் தனக்குள் முனகுவார். படங்களைப் பார்த்த மறுநாளும் அப்படித்தான் முனகினார். எனக்கே தெரியாமல் நானும் அடித்தொண்டையில் ஒரு ஸட்ஜத்தைச் சேர்த்துப் பிடித்திருக்கிறேன். அது போய்ச் சரியாக உட்கார்ந்தது.

நான் சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் ஏழு வருடம் பாட்டுப் படித்தவள். ஐந்து கட்டைதான் என் சுருதி. பாட்டை விட்டு எத்தனையோ காலமாகியும் அது மட்டும் தொண்டையிலிருந்து போகவில்லை. மிசியு முனகியது ஐந்து கட்டை. அப்படியென்றால் அந்தச் சீடியோடு ஏன் என் தொண்டை ஒத்துப்போகவில்லை? அன்று கேட்டபோது ஏதோ இழுபட்டது நினைவிலிருந்தது. புல்லரித்ததில் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

அவர் கண்ணயர்ந்த பிறகு சத்தத்தைக் குறைத்து அதை மறுபடி போட்டேன். என் மகளின் பாட்டு வகுப்புக்காகக் கைபேசியில் ஏற்றியிருந்த சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்து நகர்த்திப் பார்த்தேன். ஐந்து ஒத்துவரவில்லை. ஐந்தரையில் பொருந்தியது. அவர் எழும்பியதும் கேட்டேன்.

"மிசியு, நீங்கள் ரெண்டு பேரும் எந்தச் சுருதியில பாடினனீங்கள்?"

"ஜி. எப்பவும் ஜிதான். ரெக்கோட் பண்ணின அண்டைக்கும் அவன் இந்தக் கவையைத் தட்டித்தான் சேர்த்தவன்."

ஜி என்றால் எங்கள் ஐந்து கட்டை. சீடியில் அது அரைக் கட்டை கூடியிருந்தது.

பின்னேரம் சாப்பாட்டு மேசையில் கணவரிடம் சொன்னேன். அவர் டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரண்டில் சமைப்பவர். அன்று அவருக்கு லீவு.

"இஞ்சரப்பா, தட்டு வேகமா ஓடினா குரல் மேல போகுமெல்லே?"

"ஓம், குருவி கத்தின மாதிரிப் போகும்."

"கொஞ்சம் மட்டும் வேகமா ஓடினா?"

அவர் கறியைக் குழைப்பதை நிறுத்தினார். "கொஞ்சம் எண்டா ஆருக்கும் தெரியாது. அந்தக் குரலை நல்லாத் தெரிஞ்ச ஆளுக்கு மட்டும் தெரியும்."

"நான் பிழையா எழுதிப்போட்டனப்பா."

"அப்ப போய்ச் சொல்லும்" என்றார்.

சொல்வது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. மிசியுவின் மகள் தொலைபேசியில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் அன்புக்கு நன்றி, ஆனால் வீணாக நம்பிக்கை கொடுக்க வேண்டாம்" என்றார். நான் விடவில்லை. கம்பனிக்காரருடைய இலக்கத்தை மட்டும் தாருங்கள் என்றேன். தந்தார். கம்பனிக்காரர் முப்பது வயது மதிக்கத்தக்க குரலுள்ள ஒருவர். அந்தக் காலத்துப் பாடகர்கள் கம்பிகளைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டிப் பாடுவது வழக்கம்தான் என்று எனக்கு விளக்கினார். கம்பியை இறுக்கலாம், ஓர் ஆளுடைய நெஞ்சை இறுக்க முடியாது, அண்ணனுடைய குரல் நெஞ்சிலிருந்து வரும் என்று தம்பி சொல்கிறார் என்றேன். என் ஆங்கிலத்தில் அது எப்படி ஒலித்ததோ தெரியாது. பார்க்கிறேன் என்றார்.

மூன்றாம் நாள் அவரே அழைத்தார். பழைய பதிவுகளின் அடியில் மின்சாரத்தின் மெல்லிய இரைச்சல் ஒன்று கிடக்குமாம். அது எப்போதும் ஒரே சுரத்தில் இருக்க வேண்டும். இந்தத் தட்டில் அதுவும் அரைக் கட்டை மேலே இருந்தது. அன்றைக்குப் பாட்டைத் தட்டில் வெட்டிப் பதிந்த இயந்திரம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதை இன்று சரியான வேகத்தில் சுழற்றினால் எல்லாமே விரைந்து, மெலிந்து, மேலே போய்விடும். "எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை" என்றார். அவருடைய குரலில் வெட்கம் இருந்தது. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

திருத்திய சீடி வந்த நாளில் மகளும் வந்திருந்தார். மூன்று பேரும் முன்னறையில் இருந்தோம். அதே மண்டலின், ஆனால் இப்போது அவசரமில்லாமல் வந்தது. பிறகு குரல்கள். மேலே ஒன்று, அதற்குக் கீழே, மரத்தின் வைரம் போல ஒன்று. மிசியுவின் வாய் கொஞ்சம் திறந்தது. கையை நீட்டினார், மகள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். பாட்டு முடிந்து இரைச்சலும் ஓய்ந்த பிறகுதான் பேசினார்.

"அவன்தான்." பிறகு மகளைப் பார்த்து, ஏதோ அதிசயத்தைச் சொல்வது போல, "எவ்வளவு சின்னப் பெடியன்! நான் இவ்வளவு காலமும் அவனை என்னை விட வயசு போன ஆளாத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். உன்ர மகனை விடச் சின்னவன்."

மகள் தகப்பனின் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டார். முதியோர் இல்லத்துப் பேச்சு அதன்பின் எழவில்லை. தாதி வந்து பார்த்து, இந்த வயதுக்கு நல்ல தெளிவு என்று எழுதிக்கொண்டு போனார்.

குழப்பம் என்று எழுதியது நான்தான் என்பதை அடுத்த நாள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. "எனக்குத் தெரியும்" என்றார் மிசியு. "கண்ணாடியைப் போட்டால் நானும் வாசிப்பனே." கோபமாக ஒரு வார்த்தைகூட இல்லை. அது எனக்கு இன்னும் பாரமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அந்த வீட்டிலேயே இருந்து, ஓர் ஆவணி மாதத்தில் நித்திரையிலேயே போனார். இப்போது நான் வேறு வீடுகளுக்குப் போகிறேன். ஒரு வயதான பெண், இது என் தலையணை இல்லை என்கிறாள். ஒருவர், தேநீரில் ஏதோ மாறிவிட்டது என்கிறார். முன்பென்றால் உடனே எழுதியிருப்பேன். இப்போது தலையணையை எடுத்துப் பார்க்கிறேன், தேநீரைக் குடித்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் அவர்கள் சொன்னதில் ஏதாவது இருக்கிறது.

மிசியுவை நினைத்தால் முதலில் வருவது அவருடைய கடைசிக் கோடையில் ஒரு பிற்பகல். யன்னல் திறந்திருந்தது, கீழே ஒழுங்கையில் பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பாட்டை மூன்றாவது முறையாகப் போடச் சொன்னார். அலுக்கவில்லையா என்று கேட்டேன்.

"பாடேக்க நான் ஒருநாளும் அவனை ஒழுங்காக் கேட்டதில்லை, பிள்ளை" என்றார். "என்ர பங்கைப் பிழைவிடக் கூடாது எண்ட பயத்தில என்னைத்தான் கேட்டுக்கொண்டு நிண்டனான். இப்ப என்ர பங்கை அந்தப் பதினெட்டு வயசுக்காரன் பாடுறான். நான் சும்மா இருந்து அண்ணனைக் கேக்கலாம்."

மடித்துக்கொண்டிருந்த துவாயை வைத்துவிட்டு, நானும் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன்.