சத்தம் நின்ற பிறகு

போன சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்கால். என் மகன் முருகேசனின் பைக் சத்தம் கேட்க வேண்டிய நேரம். கேட்கவில்லை. சத்தம் கூட வரட்டும் என்று சைலன்ஸரை மாற்றி வைத்திருந்தான். புறவழிச்சாலையில் திரும்பும்போதே எனக்கு அடுப்படியில் தெரிந்துவிடும். "ஏலே, ஊர்க் காது அடைச்சிரும்ல" என்று திட்டுவேன். "அது ஒனக்கில்லம்மா, கேக்க வேண்டியவியளுக்கு" என்று சிரிப்பான்.

கேட்க வேண்டியவள் பவித்ரா. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துத் தெரு. எங்கள் ஆட்கள் இல்லை. தெருமுனையில் இவன் வண்டியை முறுக்கினால் அவள் மாடிக்கு வருவாள். தெருப் பையன்களும் வாசலுக்கு வருவார்கள். இதை அவனே பெருமையாகச் சொன்னபோது எனக்கு ஏனோ கரிசல் மண் வாசம் மூக்கில் ஏறியது. கூடவே அப்பா நினைப்பும்.

அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. லீவு நாளில் கவுதாரி பிடிக்கப் போவார், நானும் ஒட்டிக்கொள்வேன். பழக்கிய சேவல் கவுதாரி ஒன்று, துணி போர்த்திய கூண்டில். பருத்திக் காட்டு ஓரம் அதை வைத்து, சுற்றிலும் கண்ணி ஊன்றி, துணியை எடுப்பார். அது கூப்பிடும். அந்தக் காட்டை ஆளும் சேவலுக்குப் பொறுக்காது. நம் இடத்தில் எவன் குரல் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு சண்டைக்கு ஓடிவரும். காலில் கண்ணி விழும்.

பெட்டையைக் கூப்பிடுவதும் இதே சத்தம்தானாம். "அது ஏம்ப்பா?" என்று கேட்டேன்.

"காடு கரை இல்லாத பயலுக்கு எவட்டி வருவா?" என்றார்.

விழுந்ததை உடனே எடுக்க மாட்டார். தன் சேவலின் சத்தம் நின்றதும் பெட்டை தேடி வரும். கூப்பிடாது. வேலஞ்செடி மறைவிலிருந்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக் கேட்டு வரும். அதற்கும் ஒரு கண்ணி மிச்சம் இருக்கும். இத்தனையும் பார்த்துவிட்டு வந்து குழம்புச் சட்டியை வழித்துத் தின்றவள்தான் நான்.

அந்தச் சனிக்கிழமை முருகேசனைத் தேடிப் போன என் வீட்டுக்காரர், இருட்டுவதற்குள் ஆட்டோவில் கூட்டிவந்தார். உதடு கிழிந்து, வலது கை ஒடிந்து. "எங்க தெருவுல என்னலே சத்தம்" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்களாம். வண்டியைக் கொளுத்திவிட்டார்கள். "அவ ஒன்னத் தேடி வந்தா ரெண்டு பேரும் இருக்க மாட்டிய" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து ஐந்தே முக்கால் ஆனால் எங்கள் தெரு ஊமையாகிவிடுகிறது. அப்பா கூண்டு வைத்த காட்டில் இப்போது காற்றாலைதான் இரைகிறது, கவுதாரி கூப்பிடுவதில்லை. நான் வாய் ஓயாமல் திட்டிய சத்தத்துக்காக, அடுப்பை அணைத்துவிட்டு நிற்கிறேன்.

நேற்றும் அப்படி நின்றபோது வெளிக்கதவு மெல்லத் திறந்தது. பவித்ரா. காலில் செருப்பில்லை. தலையைச் சாய்த்து, உள்ளே காது கொடுத்துக்கொண்டு நின்றாள். என் கண் அவளைத் தாண்டித் தெருமுனைக்குப் போனது.

"வண்டிச் சத்தமே கேக்கலயே அத்தே," என்றாள். "அதான் வந்தேன்."