அக்கா உருண்ட பிரகாரம்

கர்ப்பப்பை வாயில் வந்த புற்றுநோய்க்குக் கரண்டு வைத்து முடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் கதிர்வீச்சை அப்படித்தான் சொல்வோம். களத்தில் காய்ந்துகொண்டிருந்த சின்ன வெங்காயத்தில் ஒரு கூடையைத் தூக்கினேன். இடுப்புக்குக் கீழே சுரீரென்றது. விழவில்லை, வழுக்கவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் சுவரைப் பிடிக்காமல் எழ முடியவில்லை.

விழாமலே எலும்பு வலித்தால் என்ன நினைப்பது? நோய் திரும்பிவிட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பயத்தில் தூக்கமே இல்லை. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தினமும் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தார்கள். சாகப் போகிறவளுக்கு நடக்கும் உபசாரம் எனக்குத் தெரியாதா? எரிச்சலாக வந்தது.

ஸ்கேன் முடிவு வாங்கப் போன அன்று அரியலூரிலிருந்து அக்காவும் வந்தாள். வந்ததும் வராததுமாக, என்னைக் கேட்காமல் செய்த காரியத்தைச் சொன்னாள்.

"கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கிட்டேன்டி. அந்த நோய் இல்லன்னா நீ அங்கப்பிரதட்சணம் பண்ணுவேன்னு."

டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "நோய் திரும்ப வரலம்மா. கரண்டு வெச்ச எடத்துல எலும்பு பலம் கொறஞ்சு விரிசல் விட்டிருக்கு. சிலருக்கு இப்படி ஆவுறதுதான். வெயிட் தூக்காம, மாத்திரை போட்டு, நான் சொல்றபடி நடந்தா கூடிடும்."

இடுப்பெலும்பு விரிசல் விட்டதற்கு இப்படிச் சிரித்தவளை அவர் பார்த்திருக்க மாட்டார். நான் சிரித்தேன், அக்கா அழுதாள். அழுகைக்கு நடுவில் வேண்டுதல் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"இவ கோயில்ல உருளலாங்களா?"

"உருளவா? கூடவே கூடாது!"

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். "வேண்டிக்கிட்டது நீ. அப்ப உருளப் போறதும் நீதான்."

மாதக்கணக்கில் வாக்கரோடு வீட்டுக்குள் நடந்தேன். பிறகு கைத்தடியோடு தெருவில். தடியும் வேண்டாம் என்றான பிறகு, ஒரு சனிக்கிழமை காலையில் கல்லங்குறிச்சிக்குப் போனோம். அக்கா ஈரப்புடவையோடு பிரகாரத்தில் படுத்து உருளத் தொடங்கினாள். நல்ல கனத்த சரீரம். நான் பக்கத்திலேயே நடந்தேன். "தூண்ல முட்டாத, இந்தப் பக்கம் வா" என்று மாடு ஓட்டுவதுபோல் அவளை ஓட்டினேன். என் கால்கள் என் பேச்சைக் கேட்டன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சுற்று முடிந்ததும் மூச்சு வாங்க மல்லாந்து கிடந்தவள், தூக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டினாள்.

நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "நீயே எந்திரிக்கா. இந்த இடுப்பு எனக்கு இன்னும் ரொம்ப வருஷத்துக்கு வேணும்."