மேல்வரிசைப் பல்லும் ஒரு பேய்க்கணவாயும்

கரீபியக் கடலின் பொனேர் தீவில் பயணிகளைக் கடலுக்கடியில் அழைத்துச் சென்று காட்டும் ருவேலியோவுக்கு வயது ஐம்பத்தாறு. அவருடைய மேல்வரிசைப் பொய்ப்பல்லுக்கு நான்கு.

அந்த வியாழக்கிழமை, கடலடி மணல் தரையில் மண்டியிட்டிருந்த பயணிகளுக்கு, ஆபத்தில் பக்கத்து ஆளின் காற்றைப் பகிர்வது எப்படி என்று காட்டினார். தன் வாய்க்குழாயை மிடுக்காகக் கழற்றினார். பல்லும் கூடவே வந்துவிட்டது. இதுவும் பாடத்தில் ஒரு பகுதி போலும் என்று பயணிகள் விரலை வளைத்துச் 'சரி' காட்டினார்கள். ஒருவர் தன் பல்லையும் அசைத்துப் பார்த்துக்கொண்டார். அதற்குள் பல் பவளச் சரிவில் உருண்டு மறைந்தது.

சனிக்கிழமை மகள் கல்யாணம். பெண்ணைப் பெற்றவர் எழுந்து நன்றி சொல்லாமல் ஆட்டுக்கறியில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

"எங்கே, 'சம்பந்தி'ன்னு சொல்லிப் பாருங்க," என்றாள் மனைவி மிரெல்வா.

சொன்னார்.

"உப்பளத்துக் காத்தே இதைவிடத் தெளிவாப் பேசும்."

வெள்ளியன்று தீவின் வழிகாட்டிகள் அத்தனை பேரின் வண்டிகளும் கடலில் இறங்கும் இடத்தைக் காட்டும் அந்த மஞ்சள் கல்லருகே, வழக்கம்போல் கண்ணாடி இறக்கியபடி நின்றன. உள்ளே களவாட ஒன்றுமில்லை என்று திருடனுக்குத் தெரியவேண்டாமா?

"மச்சான், உன் வாய்க்குப் பயந்தவன் பூரா இன்னிக்கு உன் பல்லைத் தேடுறான் பாரு," என்றார் படகோட்டி ஒருவர்.

பல் கிடைக்கவில்லை. சனி காலையில்தான் ருவேலியோவுக்கு உறைத்தது. பயணிகளுக்கெல்லாம் 'என் சொந்தக்காரர்' என்று அவர் காட்டும் எட்டுக் கைப் பேய்க்கணவாய், கிடைத்ததையெல்லாம் தன் பொந்து வாசலில் அடுக்கும் பழக்கமுள்ளது. இறங்கிப் பார்த்தார். சிப்பிகளுக்கு நடுவே, தலைவாசல் வளைவுபோல் மேல்வரிசை சிரித்துக்கொண்டிருந்தது.

இழுத்தார். அதுவும் இழுத்தது. பிறகு, பக்கத்தில் கிடந்த பளபளப்பான சிப்பியொன்றை மரியாதையாக நீட்டினார். ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. இன்னொரு கை பல்லை விட்டது. மற்ற ஆறும் யோசித்துக்கொண்டிருந்தன.

மாலைக் கல்யாண விருந்தில் ருவேலியோ எழுந்தார். "முதல்ல ஆண்டவனுக்கு நன்றி. அடுத்து, இன்னிக்கு வரமுடியாத ஒரு சொந்தக்காரருக்கு. நான் பேசுறதே அவர் போட்ட பிச்சை."

"யாரும்மா அது?" என்று சம்பந்தி குனிந்து கேட்டார்.

"கொஞ்சம் கை நீளம்," என்றாள் மிரெல்வா. "ஆனா நல்ல குடும்பம்."

பிறகு ருவேலியோ, தேடியவர்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி எழுந்து நிற்க வைத்து நன்றி சொன்னார். ஆட்டுக்கறி ஆறிப்போனது. ஆறிய கறியில் முதல் எலும்பை அவரே கடித்தார். கடக்கென்று கேட்ட அந்தச் சத்தத்துக்கு, தேடிய கூட்டம் மொத்தமும் கைதட்டியது.