நெற்றியில் வைக்காத குங்குமம்

திருப்பதியிலிருந்து நகரிக்குப் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். செல்போன் கேமராவில் இடது கண்ணையே ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திருச்சானூர்த் தாயார் கோயில் குங்குமத்தை நீட்டினேன். நெற்றிவரை போன விரலைச் சட்டென இறக்கித் தாலியில் வைத்துக்கொண்டாள்.

“நெத்திய அமுக்கக் கூடாதுக்கா. சுருக்கம் போவறதுக்கு ஊசி போட்டுக்கினு வர்றேன். மருந்து எறங்கிச்சினா இமை தொங்கிடுமாம். பயமா கீது.”

“அப்புறம் ஏம்மா போட்டுக்கினே?”

“வீட்டுக்காரரு குவைத்துலேர்ந்து வர்றாரு. வீடியோ கால்ல எப்பப் பாத்தாலும், ‘இன்னா மொறைச்சிக்கினே கீறே’ன்னு கேக்குறாரு.”

“நெஜமாவே உனக்குக் கோவமா?”

“மருந்து நாலு மாசம் தாங்கும். அவருக்கு லீவு ரெண்டே மாசந்தான்.”

சொல்லும்போதே புருவ மத்தியில் இரண்டு கோடுகள் விழுந்தன. ஊசி வேலை செய்யச் சில நாளாகுமாம். நான் பார்த்த அந்தக் கோபத்தை, ஊருக்கு வரும் அவர் பார்க்கப்போவதில்லை.