துக்க வீட்டு ஜெனரேட்டர்

அப்பா இறந்தது, புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை. புயலுக்கும் அவர் சாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரவு முழுக்கக் காற்று ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தபோது நன்றாகத்தான் தூங்கினார். காலையில் எழுந்து வாசலுக்கு வந்து, முறிந்து கிடந்த முருங்கைக் கிளையைப் பார்த்து, "போனா போவுது, கம்பி மேல வுழல" என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்டார். அம்மா காப்பி கொண்டுவருவதற்குள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். வயது எண்பத்தொன்று.

அவர் கம்பியைப் பற்றிப் பேசியதில் ஆச்சரியமில்லை. வேலை பார்த்த காலம் முழுக்க லைன்மேன். ஓய்வுபெற்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும், நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் கரண்ட் போனால் யாரும் ஆபீசுக்குப் போன் செய்ய மாட்டார்கள். எங்கள் வீட்டு கேட்டைத்தான் தட்டுவார்கள். "கரண்ட் எப்ப சார் வரும்?" அப்பா வெளியே வந்து, தெருக்கோடிக் கம்பத்தை ஒரு பார்வை பார்த்து, ஏதாவது ஒரு நேரத்தைச் சொல்லி அனுப்புவார். பாதி நாள் அது சரியாகவே இருக்கும்.

அன்றைக்கு ஊர் முழுக்கவே கரண்ட் இல்லை. பிரான்சிலிருக்கும் தம்பியைப் போனில் பிடித்துச் சொன்னபோது, "நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்கக்கா" என்று அழுதான். சென்னையில் விமானம் இறங்கவே ஒருநாள் ஆகும் என்றார்கள். அவன் வந்து சேர மூன்று நாள். அதுவரை அப்பாவை ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். கரண்டுக்கு ஒரு ஜெனரேட்டர் வேண்டும்.

தட்டாஞ்சாவடியில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் இரண்டையும் வாடகைக்கு விடுகிறவர். விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு ஒரு குட்டி யானை வண்டியில் வந்து சேர்ந்தார். பெட்டியைக் கூடத்தில் வைத்தார். ஜெனரேட்டரைத் தெருவில், பந்தல் ஓரமாக இறக்கினார். சூட்கேஸ் அளவுக்கு ஒரு இரும்புச் சட்டம், அதற்குள் சிவப்பு டேங்க், பக்கத்தில் கயிற்றுப் பிடி. பிறகு நிமிர்ந்து சுற்றும்முற்றும் பார்த்தார்.

"ஆம்பளைங்க யாரும் இல்லியா?"

என் கணவர் பங்குச் சாமியாரைப் பார்க்க மாதா கோயிலுக்கும், அங்கிருந்து உப்பளம் கல்லறைக்கும் போயிருந்தார். மிச்சமிருந்த ஆண்கள் நாற்காலி தேடிப் போயிருந்தார்கள்.

"எங்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அழுது வீங்கிய முகத்தோடு நிற்கிற ஒரு நாற்பத்தாறு வயதுக்காரியிடம் கார்புரேட்டரைப் பற்றிப் பேசலாமா கூடாதா என்று யோசித்தார் போலிருக்கிறது. ஆனால் அவர் இன்னும் நாலு சாவு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

"இதோ பாரும்மா. இது காத்துலயே ஆறுற இன்ஜின். தண்ணி கெடையாது, ரேடியேட்டர் கெடையாது. சுத்தி ரெண்டு அடிக்கு ஒண்ணியும் வைக்காத. மொதல்ல பெட்ரோல் குழாயத் தொறக்கணும். அப்புறம் சுவிட்ச். ஆறிப்போய் இருந்தா சோக்கை இழு. சூடா இருந்தா சோக்கத் தொடவே தொடாத. கயித்த மொதல்ல மெதுவா இழு, கெட்டியா ஒரு எடத்துல நிக்கும் பாரு, அங்கருந்து ஒரே இழுப்பு. காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி எண்ணெய் பாரு. ஓடிக்கினு இருக்க சொல்ல மட்டும் பெட்ரோல் ஊத்திடாத. நிறுத்தி, ஆறவுட்டு, அப்புறந்தான். புகை உள்ள போவக் கூடாது, அதனால வெளியவே இருக்கட்டும்."

எல்லாவற்றையும் கோயில் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். மூன்றாவது இழுப்பில் இன்ஜின் பிடித்தது. கூடத்தில் பெட்டியின் பச்சை விளக்கு எரிந்தது. அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, அப்பாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்த நிமிஷத்திலிருந்து நான் மகள் இல்லை. ஆபரேட்டர்.

டேங்க் மூன்றரை மணி நேரத்துக்கு வரும். மூன்று மணியானதும் நான் வாசலுக்கு வர வேண்டும். நிறுத்த வேண்டும், கால் மணி நேரம் ஆறவிட வேண்டும், புனல் வைத்துப் பெட்ரோல் ஊற்ற வேண்டும், இழுக்க வேண்டும். இடையில் சத்தம் கொஞ்சம் மாறினாலும் என் காது நிமிர்ந்துவிடும். யாராவது என்னைக் கட்டிக்கொண்டு அழ வருவார்கள். நான் அவர்கள் தோள் வழியாகப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பாவின் தங்கை, என் அத்தை, இதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

"பெத்த அப்பன் உள்ள கெடக்கிறாரு. இவ இன்னாடான்னா மிஷினுக்குக் காவல் இருக்கா."

முதல் சார்ஜர் மத்தியானம் வந்தது. எதிர்வீட்டுக்காரர் உள்ளே போய் அப்பாவுக்கு முன்னால் சிலுவை போட்டு, அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசி, கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். என் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, தப்பா நெனைச்சிக்காத. பையன் துபாய்ல இருக்கான். போனு செத்துப் போ... போன்ல சார்ஜ் இல்ல."

ஜெனரேட்டரில் இரண்டு ப்ளக் பாயின்ட் இருந்தது. ஒன்று சும்மாத்தான் கிடந்தது. சரி என்றேன்.

அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் யாரோ ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி கொண்டுவந்தார்கள். அதில் இன்னொன்றைச் சொருகினார்கள். சாயங்காலத்துக்குள் பந்தல் ஓரம் ஒரு பெஞ்சு முழுக்கப் போன்கள் வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தன. தெருவிலேயே கரண்ட் இருக்கும் ஒரே ஆள் அப்பாதான் என்ற செய்தி பக்கத்துத் தெருவுக்கும் போய்விட்டது. அப்பாவைப் பார்த்தே இராதவர்களெல்லாம் மாலையோடு வந்தார்கள். யாரும் மரியாதை தவறவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். முதலில் உள்ளே போய்த் துக்கம் விசாரிப்பார்கள். அப்புறம்தான் மடியிலிருந்து சார்ஜரை எடுப்பார்கள். ஒருவர் இரண்டாம் முறையாக வந்து அப்பாவின் கால்மாட்டில் நின்று தேம்பினார். அம்மா இளகிப்போய், "எவ்ளோ பாசம் பாரேன்" என்றார். நான் அவரோடு வெளியே வந்தேன். "இன்னும் முப்பத்திரண்டு பர்சன்ட்தான் ஏறியிருக்கு" என்றார்.

ஒரு பெரியவர் மட்டும் கையில் எதுவுமில்லாமல் வந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு, பந்தலையோ கூட்டத்தையோ கவனிக்காமல், பழக்கத்தில், "கரண்ட் எப்ப சார்..." என்று ஆரம்பித்தார். அப்புறம்தான் பந்தலைப் பார்த்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். உண்மையாக அழுதவர்களில் அவரும் ஒருவர்.

மறுநாள் காலை மூன்றாவது வீட்டு அம்மாள் மிக்ஸியோடு வந்தார். துக்க வீட்டுக்கே சட்னி அரைத்துக் கொடுக்கத்தான் வந்தார், அதனால் மறுக்க முடியவில்லை. "ஒரே ஒரு சுத்து. தேங்கா மட்டுந்தான்."

மிக்ஸியைத் திருகியதும் இன்ஜின் ஒரு முறை முனகியது. எக்ஸ்டென்ஷன் பெட்டிகளின் விளக்குகள் மங்கின. ஜெனரேட்டரின் பக்கவாட்டிலிருந்த சின்ன பட்டன் டக்கென்று வெளியே குதித்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் கரண்ட் இல்லை. உள்ளேயிருந்து ஒரு குரல் அலறியது:

"ஐயையோ, அப்பாவுக்குக் கரண்ட் போச்சி!"

கூடத்தில் ஓய்ந்திருந்த அழுகை முழுவதும் புதிதாகக் கிளம்பியது. நான் ஓடிப்போய் மிக்ஸியைப் பிடுங்கி, பட்டனை அழுத்திச் சரிசெய்தேன். பச்சை விளக்கு எரிந்ததும், "வந்துடுச்சி, வந்துடுச்சி" என்று எல்லாரும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். காலண்டரின் இன்னொரு தாளில் 'மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி கூடாது' என்று பெரிதாக எழுதி, பந்தல் காலில் இறந்தவர் அறிவிப்புக்குக் கீழே ஒட்டினேன்.

அன்று சாயங்காலம் செபமாலை. கோயிலிலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். நான் முதல்முறையாக உள்ளே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். மாலையின் இரண்டாவது பத்து மணிகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது வெளியே சத்தம் மெல்லக் குறைவது போலிருந்தது. நல்லதுதான் என்று நினைத்தேன். பிறகு அது இருமியது. பிறகு நின்றுவிட்டது. பச்சை விளக்கும் அணைந்தது.

வாசலுக்கு ஓடினேன். ஜெனரேட்டரைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு ஜமக்காளக் குவியல் புகைந்துகொண்டிருந்தது.

"யாரு இத மூடனது?"

அத்தை பின்னாலேயே வந்திருந்தார். "நான்தான். செபம் பண்ண சொல்ல ஒரு மரியாத வேணாமா? கடகடகடன்னு... சத்தம் ஆகாதுன்னு போத்தி உட்டேன்."

"அத்தை, அது காத்துலதான் ஆறும். போத்தினா மூச்சு முட்டிடும்."

"மிஷினுக்கு இன்னாடி மூச்சு" என்றார் அத்தை. ஆனால் அவர் முகம் வெளிறிவிட்டது.

ஜமக்காளத்தை உருவி எறிந்தேன். இன்ஜினின் அலுமினியப் பட்டைகளிலிருந்து அனல் அடித்தது. ஆறட்டும், யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, பெட்டியை யாரும் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள உள்ளே போனேன். அது நான் செய்த தப்பு. ஒரு கயிறு, சுற்றிலும் பத்துப் பதினைந்து ஆண்கள். எப்படிச் சும்மா இருப்பார்கள்? திரும்பி வந்தபோது வரிசை கட்டி நின்றார்கள். பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர் இழுத்தார். எதிர்வீட்டுக்காரர் இழுத்தார். தெருமுனையில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருப்பவரை யாரோ போய் அழைத்துவந்திருந்தார்கள். அவர் சட்டையைக் கழற்றி ஒருவரிடம் கொடுத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, முப்பது தடவை இழுத்தார். கடைசியில் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து சோடா குடித்தார். அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள். உள்ளே செபமாலை விடாமல் நடந்துகொண்டிருந்தது. 'அருள் நிறைந்த மரியே'வுக்கு ஓர் இழுப்பு என்று கணக்கு சரியாக இருந்தது.

சோக்கைப் பார்த்தேன். முழுக்க இழுத்துவிட்டிருந்தார்கள். தேவைக்கு மேல் பெட்ரோல் உள்ளே போய், வாடை மூக்கைத் துளைத்தது.

"எல்லாரும் கொஞ்சம் நவுருங்க" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ஆண்களை அப்படி அதட்டியதில்லை. அவர்களும் நகர்ந்தார்கள்.

குழாயை மூடினேன். சுவிட்சை அணைத்தேன். பட்டறைக்காரர் கொடுத்திருந்த பையில் ப்ளக் சாவி இருந்தது. ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினால் குளித்துவிட்டு வந்தது போல நனைந்திருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தேன். ப்ளக் இல்லாமலே நாலைந்து முறை கயிற்றை இழுத்து, உள்ளே தேங்கியிருந்ததை வெளியேற்றினேன். திரும்பப் போட்டு இறுக்கி, குழாயைத் திறந்து, சுவிட்சைப் போட்டு, சோக்கைத் தள்ளிவிட்டு, கயிறு கெட்டியாக நிற்கிற இடம் வரை மெதுவாக இழுத்தேன். அங்கிருந்து ஒரே இழுப்பு. பிடிக்கவில்லை. இன்னொன்று.

இன்ஜின் ஒரு கறுப்புப் புகையைத் துப்பிவிட்டு ஓட ஆரம்பித்தது.

தெருவே கைதட்டியது. ஒருவர் விசில்கூட அடித்துவிட்டார். நான்கு விநாடிக்குப் பிறகுதான் எல்லாருக்கும் இது சாவு வீடு என்று ஞாபகம் வந்தது. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டபடி நின்றார்கள். அத்தை ஜமக்காளத்தை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சற்று நேரம் கழித்து ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். அதற்குப் பிறகு காவலுக்கு அவரும் வந்து உட்கார்ந்தார். யாராவது நாற்காலியை ஜெனரேட்டர் பக்கம் நகர்த்தினால், "ரெண்டு அடி! ரெண்டு அடி!" என்று விரட்டுவார்.

மூன்றாம் நாள் காலை தம்பி வந்தான். இரண்டு விமானம், ஒரு கார். நேராகப் போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதான். கண்ணாடி மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் அசையவில்லை. கூட்டம் முழுக்க அவனோடு அழுதது. நானும் அழுதேன். பிறகு அவன் எழுந்து வந்து என் தோளில் சாய்ந்து, காதருகில், "அக்கா, வந்து சேந்துட்டேன்னு வீட்ல அவளுக்குச் சொல்லணும். எங்க சார்ஜ் போடறது?" என்றான். பெஞ்சைக் காட்டினேன். அவனுக்கு முன்னால் நாலு பேர் இருந்தார்கள். இறந்தவரின் மகன் என்று தெரிந்ததும் வழிவிட்டார்கள்.

அன்றே சாயங்காலம் உப்பளத்தில் அடக்கம் செய்தோம். மழையில் ஊறிக் கிடந்த மண் எளிதாக வெட்ட வந்தது என்று குழி வெட்டியவர் சொன்னார்.

திரும்பி வந்தபோதும் கரண்ட் வந்திருக்கவில்லை. ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு போன பட்டறைக்காரர், ஜெனரேட்டரை நாளைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அது வாசலில் அணைந்து கிடந்தது. வீடு திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. அம்மா படுக்கையில் புரண்டு புரண்டு படுத்தார். கடைசியில் எழுந்து உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"அந்த மிஷின கொஞ்ச நேரம் போட்டு உடேன்."

"எதுக்கும்மா? பெட்டிதான் போயிடுச்சே."

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மூணு நாளும் அது பாட்டுக்குக் கடகடன்னு ஓடிச்சா... அவரு கொறட்ட உட்ற மாரியே இருந்துச்சி. தூக்கம் வந்துச்சி."

தம்பி என்னைப் பார்த்தான். நான் எழுந்து வாசலுக்குப் போனேன். எண்ணெய் பார்த்தேன், அளவுகோலின் மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது. குழாயைத் திறந்தேன். இன்ஜின் ஆறிப்போயிருந்ததால் சோக்கை இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் பிடித்தது. எதற்கும் கரண்ட் கொடுக்காமல் அது சும்மா ஓடியது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவர் சார்ஜரோடு எட்டிப் பார்த்தார். வாருங்கள் என்று கையைக் காட்டினேன்.