மூன்று மறந்தாயோ, ஒரு டக்

எங்கள் வீட்டுக்குக் கிராமபோன் வந்தபோது அதிகம் குறைசொல்லி முணுமுணுத்தவள் நான்தான். ரெம்பியா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் என் கணவர் கணக்கு எழுதும் கிராணி. மலாக்கா டவுனில் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் பெரியவரிடம் அதை வாங்கி வந்தார். நானா என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். வாசலில் கூட்டம் சேர்ப்பதற்காக அவர் நாள் முழுக்க ஓடவிட்ட இசைத்தட்டு ஒன்றையும் பெட்டியோடு சும்மா கொடுத்துவிட்டார்.

அந்தத் தட்டில் ஒரு கீறல். பாட்டில் ‘மறந்தாயோ’ என்ற சொல் வந்ததும் ஊசி முன்னே போகாது. அதையே திரும்பத் திரும்பப் பாடும். நானா கடையில் செய்ததைப் போலவே, மூன்று முறை கேட்டுவிட்டு என் கணவர் ஊசிக் கையை விரலால் தட்டுவார். டக் என்ற சத்தத்தோடு பாட்டு மேலே நகரும்.

எங்கள் மகளுக்கு ஐந்து வயது. இனிப் பிள்ளை இல்லை என்று நான் மனத்தைத் தேற்றிக்கொண்ட பிறகு பிறந்தவள். அவள் அந்தப் பாட்டைக் கீறலோடு சேர்த்தே கற்றுக்கொண்டாள். மூன்று முறை ‘மறந்தாயோ’ பாடி, நாக்கைச் சொடுக்கி டக் என்பாள். மிஷன் பள்ளியில் ஏழாவது வரை படித்த எனக்குத் தப்பாகப் பாடினால் பொறுக்காது.

“ஒரு தடவைதாண்டி பாடணும். டக்கெல்லாம் பாட்டுல இல்ல.”

“இருக்கும்மா. அந்த அக்கா மூணு தடவைதான் பாடுறாங்க.”

“டக்குன்னும் அவங்கதான் பாடுறாங்களா?”

“அது அப்பா பாடுறது.”

என் கணவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம்தான் வந்தது.

முன்பெல்லாம் கப்பலில் வரும் நாடகக் கம்பெனிகள் டவுனில் பாடிவிட்டுப் போய்விடும். தோட்டத்து ஆட்களுக்கு அந்தப் பாட்டுகள் எட்டியதே இல்லை. தட்டு வந்த பிறகு பால் வெட்டும் பெண்கள் எல்லோரும் அதே பாட்டைப் பாடிக்கொண்டு மரத்துக்கு மரம் போனார்கள். பக்கத்து லூபோக் சீனா ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளும் அதையே பாடினார்கள்.

பிறகு தமிழில் பேசும் படம் மலாக்காவுக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்டத்து லாரியில் எல்லோரும் போனோம். படம் முழுக்கப் பாட்டு. முடிந்து வெளியே வரும்போது கூட்டம் நெருக்கித் தள்ளியது. மகளின் செருப்பு கழன்றது. அதை எடுக்கக் குனிந்தபோது அவள் கையை விட்டேன். நிமிர்ந்தேன். செருப்பு என் கையில் இருந்தது. அவள் இல்லை.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய், அவள் தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

எதிரே வந்த ஒரு பெண்ணிடம், “சிவப்புப் பாவாடைங்க. பாடிக்கிட்டே இருக்கும்” என்றேன்.

“எந்தப் புள்ளதான்லா பாடல? எம்புள்ளைங்க ரெண்டும் அந்தத் தட்டுப் பாட்டைத்தான் பாடுதுங்க” என்றாள் அவள்.

உண்மைதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒரு குழந்தை அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குரலுக்கும் ஓடினேன். ஒன்றும் என் பிள்ளை இல்லை. பக்கத்தில்தான் ஆறு. என் கணவர் அந்தப் பக்கம் ஓடினார்.

“ரெம்பியா கிராணியார் வீட்டு ஆளுங்க யாரு?” என்று ஒரு குரல் கேட்டது. கடைக்கார நானா! அவர் தோளில் என் மகள், வாயெல்லாம் பிஸ்கட் தூள்.

“அழாதீங்க தங்கச்சி. ரெண்டு தெரு தள்ளி என் கடை வாசல்ல நின்னுச்சு. அப்பா பேரு என்னன்னு கேட்டா ‘அப்பா’ங்குது. எந்த எஸ்டேட்டுன்னா ‘எங்க எஸ்டேட்டு’ங்குது! பிஸ்கட் குடுத்தேன். அழுகை நின்னு பாட ஆரம்பிச்சுது. மூணு மறந்தாயோ, ஒரு டக்கு. அட, இது என் கடைக் கீறலாச்சே! அந்தத் தட்டு உங்க வீட்டுக்குல்ல வந்துச்சு! படம் பாக்க வந்திருப்பீங்கன்னு தூக்கிட்டு ஓடியாந்தேன்.”

அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். இப்போதும் தினமும் நினைத்து நன்றி சொல்கிறேன். அவருக்கும், எங்கோ இருந்து பாடிய முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கும், சிரித்துச் சிரித்து என் பேச்சைக் கெடுத்த என் கணவருக்கும். நான் திருத்தியபடி அவள் சரியாகப் பாடியிருந்தால் என்ற இடத்துக்கு வந்ததும் நினைப்பை நிறுத்திக்கொள்கிறேன்.

மறு வாரம் நானா அதே பாட்டின் புதுத் தட்டு ஒன்றை அனுப்பியிருந்தார். போட்டோம். ‘மறந்தாயோ’ ஒரே முறை வந்து, வழுக்கிக்கொண்டு போனது. மகள் முகத்தைச் சுளித்தாள்.

“அம்மா, இந்த அக்காவுக்குப் பாட்டு சரியாத் தெரியல.”

“ஆமாண்டி” என்றேன்.

பழைய தட்டை எடுத்துப் போட்டேன். மூன்றாவது முறை வந்ததும் என் விரலே போய்த் தட்டியது. பழக்கமில்லாமல் பலமாகத் தட்டியதில் ஊசி ரொம்ப தூரம் தாவிவிட்டது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.