ஊடுன்னா ஊடு

அந்த மடிக்கணினியின் விசைப்பலகையில் இடது பாதி மட்டும் எழுத்தெல்லாம் தேய்ந்து மொழுமொழுவென்று இருக்கும். வலது பாதி வாங்கின அன்றிருந்த பளபளப்போடு அப்படியே. அக்காவின் அப்பாவுக்கு வாதத்தில் வலக்கை விழுந்து, பேச்சும் குழறிப்போயிருந்தது. அவருக்காகத்தான் அக்கா ஒரே கையால் தமிழ் தட்டுவதற்கான மென்பொருளை எழுதினார். இடது பாதியிலேயே எல்லா எழுத்தும் வரும். முதல் எழுத்தைத் தட்டியதும் சொற்கள், அப்பாவின் பேச்சுச் சொற்களும் சேர்த்து, வரிசையாக வந்து நிற்கும், வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அக்கா என்பது நான் கூப்பிட்டுப் பழகியது, உறவெல்லாம் இல்லை. அவர் எழுதுவதை லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தின் தொகுப்பு ஒன்றில் சேரும்படி பொதியாகக் கட்டித் தருவது என் வேலை. சம்பளமில்லாத வேலை, ஆனால் கெடுபிடிக்குக் குறைவில்லை.

அஸ்தம்பட்டியிலிருந்து மல்லசமுத்திரத்தில் அக்கா வீட்டுக்கு வண்டியில் போன அந்தப் பிற்பகல்களை நினைத்தால் இப்போதும் கண் சொக்குகிறது. மரவள்ளிக் காட்டின் மேல் வெயில் அசையாமல் படுத்திருக்கும். வீட்டுக்குள் ஒற்றை விரல் தட்டும் சத்தம் மட்டும், விட்டுவிட்டு. நான் பொதி கட்டுகிறவன் என்று அக்கா சொன்னதும் அப்பா வெகுநேரம் தட்டி, திரையை என் பக்கம் திருப்பினார். "பார்சல் ஆபீஸுங்களா?" ஆயுள் முழுக்க லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தவர் வேறு எப்படிக் கேட்பார். குறிப்பிட்ட நாளுக்குமேல் தொகுப்பில் புதிதாக எதையும் ஏற்றமாட்டார்கள், அதற்கு ஃப்ரீஸ் என்று பெயர், தவறினால் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்றேன். உடனே புரிந்துவிட்டது. "லாரி கெளம்பீட்டா லோடு கெடக்க வேண்டீதுதான்."

புரியாதது அக்காவுக்குத்தான். தேதி பார்த்து வெளியிடுகிற பழக்கமே அவருக்கு இல்லை. "அப்பா ஒரு நா பூரா என்னையத் திட்டாம தட்டட்டுங்க, அப்பறம் உடலாம்" என்பார். ஃப்ரீஸ் நெருங்க நெருங்க நான் நாள்காட்டியைக் காட்டி நச்சரிப்பேன். அவருக்கும் அக்கறை இல்லாமல் இல்லை. "எங்கப்பாவுக்கு நா போட்டுக் குடுத்துட்டேன் சாமி. மத்தவீங்களுக்கு யாரு போட்டுக் குடுப்பா? கம்ப்யூட்டரத் தொறந்தா அதுலயே இருக்கோணும்."

ஒருவழியாக அவர் வெளியிட்டார், நானும் பொதியை அனுப்பினேன். அங்கே சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பிவிட்டார். சொற்பட்டியலில் நிறையப் பிழை. ஊடு என்பதை வீடு என்று திருத்தினால் உடனே சேர்க்கலாம் என்று குறிப்பு. முறைப்படி பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. ஆத்தூர்ப் பக்கத்துக்காரனான எனக்கும் ஊடு காதில் இடிக்கும்தான். இப்போதைக்கு எடுத்துவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அக்காவிடம் கெஞ்சினேன். அப்பாதான் மடிக்கணினியை இழுத்துக்கொண்டார். அவர் தட்டி முடிப்பதற்குள் வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறிவிட்டது.

"ஊடுன்னா ஊடு. அத எடுத்துப்போட்டா நா எங்கீங்க போறது?"

அந்த வரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் சரிபார்ப்பவருக்கு அனுப்பினேன். யார் தட்டியது, எப்படித் தட்டியது என்று மட்டும் கீழே எழுதினேன். ஃப்ரீஸுக்கு முந்தின நாள் பொதி உள்ளே போனது, ஊடு ஊடாகவே.

தொகுப்பு வெளிவருவதற்குள் அப்பா போய்விட்டார். அக்கா அதன் பிறகு மென்பொருளைத் தொடவில்லை. நானும் கேட்கவில்லை. இறக்கிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர் என்று தொகுப்பின் கணக்கு காட்டும். அதில் உண்மையாகவே தட்டுகிறவர் ஒருவராவது உண்டா என்று அது சொல்லாது. அந்தச் சந்தேகம் எனக்கு இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும்.

போன மாதம் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மென்பொருளைப் பற்றிப் புகார் ஒன்று வந்தது. 'எங்கம்மா வாரேன் என்று எழுதப் பார்க்கிறார்கள். வருகிறேன்தான் வருகிறது. கோபத்தில் கணினியை மூடிவிடுகிறார்கள். சரிசெய்து தர முடியுமா?' அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன். வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"அடுத்த ஃப்ரீஸு எப்பங்க சாமி?"